வந்த மெயிலின் சப்ஜெக்டை மாற்றுவது எப்படி? அவுட்லுக், தண்டர்பேர்ட், ஜிமெயில் மூன்றுக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுப்பவராக) இருக்கிறேன். பையர் (ஆர்டர் தருபவர்), மில், டையிங், பிரிண்டிங், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைப்பவர்) என்று எல்லாப் பக்கமிருந்தும் மெயில் வந்து விழும். அவற்றில் பாதிக்குச் சப்ஜெக்ட் சரியாக இருக்காது. "ஹாய்", "ரிவைஸ்டு", "ஓகே", இல்லாவிட்டால் வெறும் காலி. இன்னும் மோசம், கையில் கிடைத்த பழைய மெயிலைத் திறந்து, அதற்கே ரிப்ளை போட்டுப் புது விஷயத்தை எழுதுவது.

எனக்கு நடந்தது இதுதான். துணியின் ஜிஎஸ்எம்மை (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) 180-லிருந்து 160-ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பையர் ஒப்புதல் அனுப்பியிருந்தார். அந்த ஒப்புதல் வந்த மெயிலின் சப்ஜெக்ட், அவர் இங்கே வந்தபோது பேசிய ஹோட்டல் ரூம் புக்கிங். இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று "ஒப்புதல் எங்கே" என்று கேட்டார்கள். மெயில் வந்திருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும், ஆனால் கண்ணில் படவில்லை. பெட்டிகள் அடுக்கியபடி நிற்க, ஒரு மதியம் முழுவதும் தேடினேன். அதன் பிறகுதான் வந்த மெயிலின் சப்ஜெக்டை நாமே மாற்ற வழி உண்டா என்று பார்க்க ஆரம்பித்தேன். வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு வேறு மாதிரி, சிலவற்றில் ஆபத்தும் உண்டு. நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்

இதைப் பார்க்காமல் இறங்கினால் நேரம் வீண். இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்த மென்பொருள், எந்த வகைக் கணக்கு.

மென்பொருளில் பெரிய குழப்பம் அவுட்லுக்கில்தான். இப்போது விண்டோஸில் இரண்டு அவுட்லுக் இருக்கிறது. ஒன்று பழைய, கிளாசிக் அவுட்லுக். காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் தொகுப்போடு வருவது. மற்றொன்று 'நியூ அவுட்லுக்'. இலவசம், பார்க்க வெப் பக்கம் போலவே இருக்கும். வந்த மெயிலின் சப்ஜெக்டை மாற்றும் வசதி கிளாசிக்கில் மட்டும்தான். மேலே இடது மூலையில் 'ஃபைல்' என்ற மெனு இருந்தால் உங்களுடையது கிளாசிக். உங்கள் கம்ப்யூட்டரில் கிளாசிக்கும் இருந்து, நீங்கள் புதியதற்கு மாறியிருந்தால், வலது மேல் மூலையில் இருக்கும் 'நியூ அவுட்லுக்' பொத்தானை அணைத்துத் திரும்பி வரலாம். கிளாசிக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதனால் இதைப் பழகுவது வீண்போகாது.

அடுத்தது கணக்கின் வகை. எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 (மைக்ரோசாஃப்டின் கம்பெனி மெயில்), ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும்), பாப் (மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும்) என்று மூன்று. கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் போனால் கணக்கின் பக்கத்திலேயே வகை எழுதியிருக்கும். நீங்கள் செய்யும் மாற்றம் போனிலும் தெரியுமா, ஆபீஸில் மற்றவர்களுக்கும் தெரியுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

2. தொடும் முன் ஒரு பிரதி எடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். முக்கியமான மெயில் என்றால் முதலில் ஒரு பிரதியை வெளியே எடுத்து வையுங்கள். கிளாசிக் அவுட்லுக்கில் மெயிலைப் பிடித்து இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால் போதும், எம்.எஸ்.ஜி. கோப்பாக வந்துவிடும். தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ஈ.எம்.எல். கோப்பு. ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'டவுன்லோட் மெசேஜ்'.

தண்டர்பேர்டில் நிறைய மெயில்களை மாற்றப் போகிறீர்கள் என்றால் ப்ரொஃபைல் ஃபோல்டர் (மெயில்களும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) முழுவதையும் நகலெடுங்கள். ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. ஃபோல்டர் எங்கே என்று பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அப்புறம் நகலெடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

3. பெயர் வைக்கும் முறையை முடிவு செய்யுங்கள்

மாற்றத் தெரிந்துவிட்ட உற்சாகத்தில் முதல் வாரம் தோன்றியதையெல்லாம் எழுதினேன். அடுத்த மாதம் அதையே தேட முடியவில்லை. அதனால் பட்டனைத் தொடும் முன் ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருப்பது: முதலில் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், அடுத்து விஷயம் இரண்டு மூன்று சொல்லில், கடைசியில் பழைய சப்ஜெக்ட் அப்படியே. உதாரணமாக "பி.ஓ. 4471 – ஜிஎஸ்எம் 160 ஒப்புதல் – ஹோட்டல் புக்கிங்". நம்பர் முதலில் வர வேண்டும், ஏனென்றால் பட்டியலில் சப்ஜெக்டின் முதல் முப்பது நாற்பது எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும். போனில் இன்னும் குறைவு. தேதி எழுதத் தேவையில்லை, அது மெயிலிலேயே இருக்கிறது.

பழைய சப்ஜெக்டைக் கடைசியில் விட்டுவைப்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பையர் போனில் கூப்பிட்டு "அந்த ஹோட்டல் புக்கிங் மெயிலில் சொன்னேனே" என்பார். அவர் பெட்டியில் அது இன்னும் அதே பெயரில்தான் இருக்கிறது. நாம் மாற்றுவது நம் பிரதியை மட்டும்.

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் கிளையண்டின் பெயரும் நிதியாண்டும், வக்கீல் ஆபீஸ் என்றால் கேஸ் நம்பர். எதுவாக இருந்தாலும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே முறையில் எழுத வேண்டும். ஒருவர் 'பி.ஓ. 4471' என்றும் இன்னொருவர் 'ஆர்டர் 4471' என்றும் எழுதினால் தேடலில் பாதி விட்டுப்போகும்.

4. கிளாசிக் அவுட்லுக்: இருப்பதிலேயே சுலபம்

மெயிலை இரட்டைக் கிளிக் செய்து தனி ஜன்னலில் திறங்கள். பக்கவாட்டில் தெரியும் ரீடிங் பேனில் இது நடக்காது. பலர் அங்கே கிளிக் செய்து பார்த்துவிட்டு 'முடியாது போல' என்று விட்டுவிடுகிறார்கள். தனி ஜன்னலில் சப்ஜெக்ட் வரியின் மேல் கிளிக் செய்தால் கர்சர் உள்ளே வரும். மாற்றி எழுதுங்கள். கன்ட்ரோல்-எஸ். முடிந்தது. சேமிக்காமல் மூடினால் சேமிக்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

நிறைய மெயில்களை ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் திறப்பது கையை ஒடிக்கும். அதற்கு ஒரு வழி: வியூ, வியூ செட்டிங்ஸ், அதர் செட்டிங்ஸ் போய் 'அலவ் இன்-செல் எடிட்டிங்' என்பதை டிக் செய்யுங்கள். அதன் பிறகு எக்செல் கட்டத்தில் எழுதுவது போல, பட்டியலிலேயே சப்ஜெக்ட் மேல் கிளிக் செய்து எழுதலாம். ஆனால் ஒவ்வொரு மெயிலும் ஒரே வரியில் தெரியும் காட்சியில்தான் இது வேலை செய்யும். அனுப்பியவர் பெயர் மேலே, சப்ஜெக்ட் கீழே என்று இரண்டு வரியாகத் தெரிந்தால், ரீடிங் பேனைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு முயலுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், மெயிலைத் தேர்ந்தெடுக்கக் கிளிக் செய்யும்போது கைதவறி சப்ஜெக்டில் ஏதாவது எழுத்து விழுந்துவிடும்.

மாற்றிய பிறகும் பட்டியலில் பழைய சப்ஜெக்டே தெரிகிறதா? பெரும்பாலும் காரணம் கான்வர்சேஷன் வியூ. உரையாடலாகச் சேர்த்துக் காட்டும்போது, அவுட்லுக் அந்தத் தொடரின் ஆரம்பத் தலைப்பைத்தான் மேலே போடும். அந்தத் தலைப்பு மெயிலுக்குள் தனியாகப் பதிந்திருக்கிறது, நாம் சப்ஜெக்டை மாற்றினாலும் அது மாறாது. வியூ மெனுவில் 'ஷோ ஆஸ் கான்வர்சேஷன்ஸ்' டிக்கை எடுங்கள், இந்த ஃபோல்டருக்கு மட்டும் என்று சொல்லுங்கள். புது சப்ஜெக்ட் தெரியும். இது தெரியாமல் ஒரே மெயிலை நான் மூன்று முறை மாற்றிச் சேமித்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்றால் மாற்றம் சர்வருக்குப் போய், போனிலும் புது சப்ஜெக்ட் வந்துவிடும். பாப் கணக்கு என்றால் மெயில் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதால் மாற்றமும் அங்கேயே நிற்கும். கவனம் வேண்டியது ஐமேப் கணக்கில், அதாவது ஜிமெயிலை அவுட்லுக்கில் இணைத்து வைத்திருப்பவர்களுக்கு. அங்கே மாற்றம் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். நாளை கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் உழைப்பெல்லாம் போய்விடும். ஒரு மெயிலை மாற்றிப் பார்த்து, போனில் எப்படித் தெரிகிறது என்று சரிபார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

5. தண்டர்பேர்ட்: நீட்சி வேண்டும்

தண்டர்பேர்டில் இந்த வசதி உள்ளே இல்லை. நீட்சி (ஆட்-ஆன், கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) ஒன்று போட வேண்டும். மூன்று கோடு மெனுவில் 'ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ்' போய்த் தேட வேண்டும். 'எடிட் இமெயில் சப்ஜெக்ட்', 'ஹெடர் டூல்ஸ் லைட்' என்ற பெயர்களில் இலவச நீட்சிகள் கிடைக்கும். நிறுவும் முன் உங்கள் தண்டர்பேர்ட் பதிப்புக்கு அது பொருந்துமா என்று அதன் பக்கத்திலேயே பாருங்கள். தண்டர்பேர்ட் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் சில நீட்சிகள் நின்றுவிடும். மாத முடிவில், ஷிப்மென்ட் அழுத்தத்தில் இருக்கும்போது தண்டர்பேர்டை அப்டேட் செய்யாதீர்கள்.

நீட்சி என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் ஆபத்து புரியும். ஐமேப் விதிப்படி சர்வரில் இருக்கும் ஒரு மெயிலின் உள்ளடக்கத்தையும் தலைப்பு வரிகளையும் (அனுப்பியவர், தேதி, சப்ஜெக்ட் போன்றவை) யாரும் திருத்த முடியாது. அதனால் நீட்சி, சப்ஜெக்ட் மாற்றிய புதுப் பிரதி ஒன்றைச் சர்வரில் ஏற்றிவிட்டு, பழையதை அழிக்கிறது. நம் கண்ணுக்குத் திருத்தியது போலத் தெரிகிறது, நடப்பது மாற்றி வைப்பது. நடுவில் நெட் போனால் இரண்டு பிரதி நிற்கலாம். பத்து எம்.பி. டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரக் கோப்பு) இணைத்த மெயில் என்றால் அந்தப் பத்து எம்.பி.யும் திரும்ப ஏற வேண்டும். அதனால் பெரிய அட்டாச்மெண்ட் உள்ள மெயில்களை நல்ல இணைப்பு இருக்கும்போது, ஒன்று முடிந்த பிறகு ஒன்றாகச் செய்யுங்கள்.

அழிக்கப்பட்டது குப்பைத்தொட்டியில் இருக்கிறதா என்று முதல் தடவையே பார்த்துவிடுங்கள். ஜிமெயில் கணக்கில் குப்பைத்தொட்டியில் இருப்பது 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். சில நீட்சிகளில் திரையில் மட்டும் மாற்றிக் காட்டும் தேர்வும் இருக்கிறது. பழக்கம் வரும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் எதுவும் அழியாது.

ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் முதல்முறை இணைப்பவர்கள், கூகுளின் உள்நுழைவு ஜன்னல் வரும்போது வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்து அனுமதி கொடுத்தால் போதும். கம்பெனி கணக்கில் நிர்வாகி ஐமேப்பை மூடி வைத்திருக்கலாம். அப்போது ஐ.டி. ஆளிடம்தான் கேட்க வேண்டும், நாம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

6. நீட்சி போட முடியாதவர்களுக்குக் கைவழி

கம்பெனி கம்ப்யூட்டரில் நீட்சி நிறுவ அனுமதி இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். தண்டர்பேர்டில் மெயிலை ஈ.எம்.எல். கோப்பாகச் சேமியுங்கள். அதற்கு ஒரு நகல் எடுங்கள். நகலை நோட்பேடில் திறந்து சப்ஜெக்ட் என்று ஆரம்பிக்கும் வரியைக் கண்டுபிடித்து மாற்றிச் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பை இழுத்து வந்து தண்டர்பேர்ட் ஃபோல்டரில் விடுங்கள். முதலில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதில் விட்டுப் பார்ப்பது நல்லது.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. சப்ஜெக்ட் நீளமாக இருந்தால் அடுத்த வரியிலும் தொடரும், அந்த வரி ஒரு இடைவெளியோடு ஆரம்பிக்கும். முதல் வரியை மட்டும் மாற்றினால் பழைய வால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து, எங்கேயும் காலி வரி விட்டுவிடாதீர்கள். மெயிலில் தலைப்பு வரிகள் முடிந்து செய்தி ஆரம்பிப்பதைக் காட்டுவதே முதல் காலி வரிதான். நடுவில் ஒன்று விழுந்தால் தேதியும் அனுப்பியவர் பெயரும்கூடச் செய்திக்குள் போய்விடும்.

தமிழ் சப்ஜெக்ட் என்றால் நோட்பேடில் தமிழே தெரியாது. கேள்விக்குறிகளுக்கு நடுவில் யுடிஎஃப்-8 என்ற பெயரும், அதன் பின் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலும் இருக்கும். மெயில் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைத் தலைப்பு வரியில் அப்படி மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் குவியலுக்குள் கை வைக்காதீர்கள். அதை முழுவதுமாக எடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் நீட்சி வழிதான் சரி, அது மாற்றிக் குறிப்பதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

7. ஜிமெயில் வெப், நியூ அவுட்லுக்

இரண்டிலும் வந்த மெயிலின் சப்ஜெக்டை மாற்ற முடியாது. போன் ஆப்பிலும் முடியாது. ஜிமெயிலில் 'எடிட் சப்ஜெக்ட்' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது நீங்கள் எழுதும் பதிலின் சப்ஜெக்டை மாற்றுவது. வந்ததை அல்ல.

மாற்று வழிகளில் எனக்குப் பிடித்தது, மெயிலைத் தேர்ந்து 'ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மெண்ட்' கொடுத்து, சரியான சப்ஜெக்டோடு எனக்கே அனுப்பிக்கொள்வது. பழைய மெயில் உள்ளே முழுசாக, கைபடாமல் இருக்கும். சாதாரண ஃபார்வர்டு செய்தால் அசல் தலைப்பு வரிகள் போய்விடும், அதனால் இணைப்பாகவே அனுப்புங்கள். மொத்த அளவு 25 எம்.பி.யைத் தாண்டக்கூடாது. அன்றாடத்துக்கு இவ்வளவு தேவையில்லை, பி.ஓ. நம்பர் பெயரில் ஒரு லேபிள் போட்டால் போதும். நியூ அவுட்லுக்கில் கேட்டகரி.

8. ரிப்ளை போடும் முன் சப்ஜெக்டைப் பாருங்கள்

சப்ஜெக்ட் மாற்றிய மெயிலுக்கு நீங்கள் ரிப்ளை போட்டால், போவது நீங்கள் எழுதிய சப்ஜெக்ட். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி, ஒரு மில்லிலிருந்து வந்த மெயிலுக்கு "விலை அதிகம், வேறு மில் பார்க்கணும்" என்று குறிப்பாக எழுதி வைத்திருந்தான். இரண்டு நாள் கழித்து அதே மெயிலில் டெலிவரி தேதி கேட்டு ரிப்ளை போட்டான். மில்காரர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். அந்த உறவைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு சீசன் ஆனது.

அதனால் எதிராளி படித்தால் சங்கடப்படும் எதையும் சப்ஜெக்டில் எழுதாதீர்கள். தனிக் குறிப்பு வேண்டுமானால் அவுட்லுக்கில் கேட்டகரி, தண்டர்பேர்டில் டேக். தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்து 1 முதல் 5 வரை ஒரு எண்ணைத் தட்டினாலே டேக் விழும்.

எதிராளி ஜிமெயில் வைத்திருந்தால் இன்னொன்றும் நடக்கும். சப்ஜெக்ட் மாறிய ரிப்ளை அவருக்குப் புதுத் தொடராகப் போய் விழும், பழைய பேச்சோடு சேராது. ரிப்ளை எழுதும்போது சப்ஜெக்டைப் பழையபடி ஆக்கிவிட்டு அனுப்புங்கள். பழையதைக் கடைசியில் விட்டுவைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம், முன்னால் சேர்த்ததை அழித்தால் போதும்.

பொதுப் பெட்டியை நான்கு பேர் பார்க்கிறீர்கள் என்றால், மாற்றிய சப்ஜெக்ட் நான்கு பேருக்கும் தெரியும். பையரே அப்படி எழுதினார் என்று நினைத்துவிடுவார்கள். நாங்கள் சேர்க்கும் பகுதிக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

9. எந்த மெயிலைத் தொடவே கூடாது

பணப் பிரச்சினை, தரத் தகராறு, டெபிட் நோட், வேலை நீக்கம், மிரட்டல், மோசடி. இவற்றில் ஏதாவது சம்பந்தப்பட்ட மெயிலின் சப்ஜெக்டை மாற்றாதீர்கள். பெரும்பாலான மெயில்களில் அனுப்பும் சர்வர் டி.கே.ஐ.எம். என்ற டிஜிட்டல் கையொப்பம் போடுகிறது. அது வழக்கமாக சப்ஜெக்ட் வரியையும் சேர்த்தே கையொப்பமிடும். ஓர் எழுத்து மாற்றிய பிரதியைச் சோதித்தாலும் கையொப்பம் பொருந்தாது. "இதைத் திருத்தியிருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் நம்மிடம் பதில் இல்லை.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) கேட்கிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே அசல் மெயில் சர்வரில் அப்படியே இருக்கட்டும். தேடுவதற்கு வசதி வேண்டுமென்றால் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மோசடி மெயிலால் பணம் போயிருந்தால் எதையும் தொடாமல் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

10. செலவு, நேரம்

கிளாசிக் அவுட்லுக் ஏற்கெனவே இருந்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. இல்லையென்றால் இதற்காக மட்டும் ஆபீஸ் வாங்க வேண்டாம், தண்டர்பேர்டும் நீட்சியும் இலவசம். தண்டர்பேர்டைப் புதிதாக நிறுவி, கணக்கைச் சேர்த்து, பிரதி எடுக்க அரை நாள் ஒதுக்குங்கள். பழைய மெயில்கள் இறங்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இறங்கி முடியும்வரை எதையும் மாற்றாதீர்கள்.

பழைய மெயில் எல்லாவற்றையும் உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை. நான் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் செய்கிறேன், அதிலும் லேப் டிப் (சாயத்தின் நிற மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி ஆடை), விலை, தேதி என்று ஒப்புதல் மெயில்களுக்கு மட்டும். தினமும் வேலை முடியும்போது பத்து நிமிடம் போதும்.

11. பழைய சப்ஜெக்ட் என்னவென்று மறந்துவிட்டால்

கிளாசிக் அவுட்லுக்கில், சப்ஜெக்டை மாற்றிய மெயிலிலும் இணையத்தில் பயணித்து வந்த தலைப்பு வரிகள் அப்படியே இருக்கும். மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். கீழே 'இன்டர்நெட் ஹெடர்ஸ்' என்ற பெட்டியில் உருட்டிப் பார்த்தால், அனுப்பியவர் எழுதிய சப்ஜெக்ட் இருக்கும். அதை நகலெடுத்துத் திரும்ப மேலே ஒட்டிச் சேமிக்கலாம். சொந்த அலுவலகத்துக்குள்ளேயே வந்த மெயில்களில் அந்தப் பெட்டி காலியாக இருக்கலாம். அப்போது அனுப்பியவரின் 'சென்ட்' ஃபோல்டரில் பார்க்கச் சொல்லுங்கள். தண்டர்பேர்டில் குப்பைத்தொட்டியிலிருந்து அசலை இழுத்து வந்து இன்பாக்ஸில் போட்டுவிட்டு, புதுப் பிரதியை அழித்தால் சரி.